குதிரை ஏறினாலும் மூச்சு உங்களுடையதுதான்

"அம்மாவுக்கு முட்டி வலி உண்டு டாக்டர். ஆனா பரவாயில்லை, பரிக்கிரமா முழுக்கக் குதிரை சொல்லிட்டோம்."

கயிலாய மலையைச் சுற்றி வரும் பரிக்கிரமா யாத்திரைக்கு முன் உடல் பரிசோதனைக்கு வருகிற குடும்பங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பொது மருத்துவரான நான் சில குழுக்களோடு மருத்துவராகவும் போய் வந்திருக்கிறேன். முட்டிக்காகக் கவலைப்பட்டு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பவர்கள், உயரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. குதிரை ஏற்பாடாகிவிட்டால் உடல் சம்பந்தப்பட்ட எல்லாமே தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குதிரை தீர்ப்பது முட்டியின் பிரச்சினையை மட்டும், அதுவும் பாதிதான்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். மேற்குத் திபெத்தில் இருக்கும் கயிலை மலையின் உயரம் 6,638 மீட்டர். அதன் மேல் யாரும் ஏறுவதில்லை, சுற்றி வருவதுதான் யாத்திரை. சுற்று சுமார் 52 கிலோமீட்டர், பெரும்பாலானோர் மூன்று நாளில் முடிக்கிறார்கள். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, திபெத்தின் பழைய சமயமான பான் சமயத்தவர் இடமாக வருவார்கள். அடிவார ஊரான தார்ச்சென்னே 4,600 மீட்டரை ஒட்டி இருக்கிறது. முதல் இரவு தங்கும் திராபுக் ஏறத்தாழ 5,000 மீட்டர். மறுநாள் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் மெரினா கடற்கரையில் இருப்பதில் பாதிதான், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். நடந்து போனாலும் குதிரையில் போனாலும் இந்தக் கணக்கில் மாற்றம் கிடையாது.

ஒரு விதத்தில் குதிரையில் போகிறவருக்கு ஆபத்து கூடுதல் என்றே சொல்வேன். உயரத்தால் வரும் இரண்டு பெரிய ஆபத்துகளில் ஒன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது, மற்றொன்று மூளை வீங்குவது. நுரையீரல் பாதிப்பின் முதல் அறிகுறி, நடக்கும்போது மற்றவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குவது. நேற்று முடிந்த நடை இன்று முடியாமல் போவது. மூளை வீக்கத்தில் குழப்பமும் நடைத் தள்ளாட்டமும் வரும். இவை எல்லாம் நடக்கும்போது வெளியே தெரிகிற அறிகுறிகள். சேணத்தில் உட்கார்ந்திருப்பவர் தள்ளாடுகிறாரா என்று எப்படித் தெரியும்? அவர் பேசாமல் தலை குனிந்து வந்தால், அசதி என்பார்கள், ஜபம் செய்கிறார் என்றும் சொல்வார்கள். நடந்து வந்திருந்தால் ஒரு பாறையில் உட்கார்ந்து "என்னால முடியலை" என்று சொல்லியிருப்பார், அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். குதிரை அவரைச் சத்தமில்லாமல் இன்னும் 600 மீட்டர் மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

குதிரைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. திபெத்தியக் குதிரைகள் குட்டையானவை, பார்த்தால் நம் ஊர் மட்டக்குதிரை மாதிரி இருக்கும். ஆனால் குறைந்த ஆக்சிஜனுக்கு உடலைப் பழக்கும் ஈபாஸ்1 என்ற மரபணுவில் அவற்றுக்குத் தனி மாற்றம் உண்டு. அதே மரபணுவில் திபெத்திய மக்களுக்கும் வேறொரு மாற்றம் இருக்கிறது. ஆக, குதிரைக்கும் குதிரைக்காரருக்கும் அந்த மலை வீட்டு வாசல். இருவருக்கும் நடுவே சேணத்தில் உட்கார்ந்திருக்கும் மதுரைக்காரருக்கு மட்டும்தான் அது வேற்று உலகம்.

பிரச்சினை பரிக்கிரமாவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள் என்பதுதான் மலை மருத்துவத்தின் பொது விதி. காத்மாண்டிலிருந்து சாலை வழியாகப் போகிறவர்கள் திபெத் எல்லை ஊரான கெருங்கில் சுமார் 2,800 மீட்டரில் தூங்கி, அடுத்த இரவே சாகாவில் 4,400 மீட்டருக்கு மேல் தூங்குகிறார்கள். ஹெலிகாப்டர் வழியில் சமவெளியில் இருக்கும் நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், ஹில்சா என்று தாவி ஓரிரு நாளில் 3,900 மீட்டரில் இருக்கும் திபெத்திய ஊரான புராங் போய்ச் சேர்ந்துவிடலாம். சொகுசான வழி என்று விளம்பரம் செய்வார்கள். உடலுக்கு அது சொகுசு இல்லை. இரண்டு வழியிலுமே இடையில் கூடுதலாக ஓர் இரவு தங்க வைக்கிற நிறுவனம்தான் நல்ல நிறுவனம். அந்த ஓய்வு நாளைப் பயணிகளே "வேஸ்ட்" என்று குறைத்துக்கொள்ளச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்த விஷயத்தில் கறாரானது. ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2025-இல் மீண்டும் தொடங்கிய அந்த யாத்திரையில் லிபுலேக், நாதுலா என்ற இரு கணவாய் வழிகளிலும் சேர்த்து 750 பேருக்குத்தான் இடம் இருந்தது. வயது 18 முதல் 70 வரை, உடல் நிறைக் குறியீடு 25-க்குள், டெல்லியில் முழுப் பரிசோதனை, அப்புறம் வழியில் மேலே ஒரு தடவை. அங்கே நிராகரிக்கப்பட்டவர் அடுத்த மாதமே தனியார் குழுவில் பணம் கட்டிவிடுகிறார். குலுக்கலில் இடம் கிடைக்காதவர் தனியாரிடம் போவது வேறு. மருத்துவக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர் போவது வேறு. இரண்டாமவரின் பிள்ளைகள் அந்த அறிக்கையை என்னிடம் காட்டாமல் மறைத்ததும் உண்டு. திபெத்தியக் கணக்கில் 2026 குதிரை ஆண்டு, முந்தையது 2014. குதிரை ஆண்டில் கயிலையைச் சுற்றினால் பல மடங்கு புண்ணியம் என்பது அங்குள்ள நம்பிக்கை. அப்படிப்பட்ட ஆண்டில் கூட்டம் கூடும், குதிரைக்கும் அறைக்கும் தட்டுப்பாடு வரும், "எப்படியாவது போயே ஆகணும்" என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம் திராபுக். முதல் நாள் மாலை கயிலையின் வடக்கு முகம் முழுசாகத் தெரியும். அழுகை வந்துவிடும், சிலருக்குத் தலைவலியும் கூடவே வரும். நுரையீரலில் நீர் கோர்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரவுகளில்தான் முற்றும். மறுநாள் விடிவதற்கு முன் குதிரை ஏறும் அவசரத்தில் யாரும் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை. என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். குதிரை பக்கம் போவதற்கு முன் ஒவ்வொருவரும் சமதரையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். பிறகு ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி வைக்க வேண்டும். தடுமாறினால் குதிரை கிடையாது, கீழே இறங்கத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் விடாமல் வந்தாலும் அப்படியே. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் நம்ப மாட்டேன். குளிர்ந்த விரலில் அது என்ன வேண்டுமானாலும் காட்டும்.

திராபுக்கிலிருந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பர் பெருமானையே கயிலைக்குப் போகும் வழியில் திருப்பி அனுப்பி, திருவையாற்றில்தானே காட்சி கொடுத்தார் சிவபெருமான்? இந்தக் கதையை நான் பிடிவாதக்காரர்களிடம் சொல்வேன். மருந்து கேட்காத இடத்தில் சில நேரம் அது கேட்கும்.

அடுத்து, முட்டியின் மீதிப் பாதி. டோல்மா லாவின் உச்சியில் மந்திரக் கொடிகளைத் தாண்டியதும் பாதை கௌரி குண்டம் என்ற ஏரியை ஒட்டிச் செங்குத்தாக, உருளும் கற்கள் மேல் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு குதிரை இறங்காது, எல்லோரும் நடந்தே இறங்க வேண்டும். நடக்க முடியாது என்று குதிரை எடுத்தவர், முழுச் சுற்றிலும் மிகக் கடினமான பகுதியை, மிக உயரமான இடத்திலிருந்து, குளிரில் விறைத்த காலோடு நடக்கப்போகிறார். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. ஆகவே முட்டி வலி உள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது: கையில் தடியோடு, வீட்டு மாடிப்படியில் ஒரு மணி நேரம் ஏறி இறங்க முடியுமா? முடியாது என்றால் குதிரை சொல்லியும் பயனில்லை.

விழுவதைப் பற்றி யாருமே கேட்பதில்லை. அந்தக் குதிரைகள் சாதுவானவைதான், ஆனால் படபடக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்கும், திடீரென்று விரியும் குடைக்கும், எதிரே மூட்டையோடு வரும் யாக் மாடுகளுக்கும் மிரளும். உயரம் குறைவுதான், தரை பாறை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், வெளியே காயமே இல்லாமல் உள்ளே ரத்தம் கசியலாம். அப்புறம் வருகிற தலைவலியும் வாந்தியும் உயரத்தாலா, ரத்தக்கசிவாலா என்று ஸ்கேன் இல்லாத ஊரில் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் இருந்தால் இடுப்பும் முதுகெலும்பும் உடையும். அதனால் ஒரு சைக்கிள் ஹெல்மெட் எடுத்துப் போங்கள், குல்லாவின் மேல் போட்டுக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதியதும் அது விண்ணேறிக் கயிலைக்குப் பறந்தது என்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, குதிரைக்காரர் சொல்வதைக் கேட்டால் போதும். அவர் பிடித்திருக்கும்போது மட்டும் ஏறுங்கள், இறங்குங்கள். சேணத்தில் தொங்கும் கால் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். அகலமான மலை ஷூவை உள்ளே திணித்தால், விழும்போது கால் சிக்கிக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். முதுகுப் பையைப் போர்ட்டரிடம் கொடுத்துவிடுங்கள், அது உங்களைப் பின்னால் இழுக்கும். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால். குதிரையின் பின்பக்கமாக ஒருபோதும் போகாதீர்கள். யாக் கூட்டம் வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமையே குதிரைக்கு ஏற்றது என்பது பொதுக் கணக்கு. 250 கிலோ குதிரைக்கு 50 கிலோ. உங்கள் எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று குளிர். நடப்பவருக்கு உடல் சூடாகும், சேணத்தில் அசையாமல் தொங்கும் கால்களுக்குச் சூடு ஏறாது. பாதை சமமாக இருக்கும் இடங்களில் மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் காலும் பிழைக்கும், நான் மேலே சொன்ன அறிகுறிகளும் கண்ணில் படும்.

மருந்து விஷயம் சுருக்கமாக. உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான டயமாக்ஸ் பலருக்கு உதவும். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம் இருவேளை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி கூசும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு தலைவலியோடு மேலே ஏறலாம் என்று அர்த்தமில்லை. தூக்கம் வரவில்லையென்று தூக்க மாத்திரை வேண்டாம், சில வகைகள் மூச்சை மந்தமாக்கும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் பரிக்கிரமா நாளில் விரதம் இருந்து தண்ணீரும் குறைத்தால், ரத்தத்தில் அமிலம் ஏறி விபரீதமாகலாம். அவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அது சிகிச்சை ஆகாது.

நேபாள மலைகளில் அழைத்தால் வருகிற மாதிரி ஹெலிகாப்டர் அங்கே வராது. திராபுக் வரை எப்படியாவது வண்டி கொண்டுவரலாம், டோல்மா லாவைத் தாண்டிவிட்டால் அடுத்த வண்டிப் பாதை வரை ஆளைத் தூக்கித்தான் வர வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் அலி நகரம், தார்ச்சென்னிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். எனவே பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: 4,000 மீட்டரைத் தொடும் முன் எத்தனை இரவு தங்க வைக்கிறீர்கள்? பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, அது பரிக்கிரமாவில் கூட வருமா, தார்ச்சென் ஓட்டலிலேயே நிற்குமா? நடு வழியில் ஒருவர் திரும்ப வேண்டி வந்தால், அவரோடு இறங்கப்போவது யார்?