கிரெடிட் – மதிப்பலகு

சும்மா கிடக்கும் கணினித் திறனை அறிவியல் ஆய்வுக்குக் கொடுப்பவர்கள் தங்கள் கணக்கில் முதலில் தேடுவது கிரெடிட்டைத்தான். இப்படித் தன்னார்வலர்களின் கணினிகளுக்குக் கணக்கீட்டைப் பகிர்ந்து கொடுப்பதுதான் தன்னார்வப் பகிர்கணிமை. அதில் இந்தச் சொல்லின் பொருள்: உங்கள் கணினி செய்து முடித்து, சரிதான் என்று உறுதியான கணக்கீட்டின் அளவு. அது பணம் இல்லை. கணினி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதன் அளவும் இல்லை.

புதிதாகச் சேர்பவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். ஒரே ஆய்வுத் திட்டத்திலிருந்து இரண்டு பணிகள், அதாவது கணக்கீட்டுத் துண்டுகள், வருகின்றன. ஒன்று ஒரு மணி நேரத்தில் முடிகிறது, மற்றது மூன்று மணி நேரம் எடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே கிரெடிட். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கிரெடிட் நாள் கூலி மாதிரி இல்லை. செய்து முடித்த வேலைக்குத் தரும் கூலி மாதிரி.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கிரேதெரே' என்றால் நம்புதல். 'கிரேதிதும்' என்றால் நம்பி ஒப்படைத்தது, அதாவது கடன். அங்கிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பல கிளைகள் விட்டது. வங்கியில் அது கடன். கணக்கேட்டில் பற்றுக்கு எதிரான வரவு. செய்த வேலைக்குப் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் அதுதான். பகிர்கணிமையின் கிரெடிட்டில் வரவும் பாராட்டும் கலந்திருக்கின்றன, கடன் துளியும் இல்லை. வேரில் இருக்கும் நம்பிக்கையும் இங்கே பாதிதான். பல திட்டங்கள் ஒரே பணியை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போன பிறகே கிரெடிட் தருகின்றன. அதுவரை அது நிலுவையில் நிற்கும்.

இந்தத் துறையில் பெரும்பாலான திட்டங்கள் பயன்படுத்தும் மென்பொருள் பாயிங்க் (BOINC). பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவானது. 1999-இல் தொடங்கி, வேற்றுலக உயிர்களின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி@ஹோம்தான் அதற்கு முன்னோடி. பாயிங்க் கிரெடிட்டின் முறையான பெயர் காபிள்ஸ்டோன். செட்டி@ஹோமில் பணியாற்றிய ஜெஃப் காப் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. கணினி வேகத்தை அளக்கும் வெட்ஸ்டோன், டிரைஸ்டோன் என்ற பழைய சோதனைகளின் பெயர்களோடு இதுவும் ஒரு கல்லாகச் சேர்ந்துகொண்டது.

அளவை இப்படி வகுத்திருக்கிறார்கள்: வெட்ஸ்டோன் சோதனையில் நொடிக்கு 100 கோடி தசமக் கணக்கீடுகளைச் செய்யும் கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 கிரெடிட். கணக்குப் போட்டால் ஒரு கிரெடிட் என்பது அந்தக் கணினியின் 432 நொடி உழைப்பு, அதாவது 43,200 கோடி கணக்கீடுகள். பாதி வேகக் கணினிக்கு அதே ஒரு கிரெடிட் எடுக்க 864 நொடி ஆகும். நேரம்தான் இரட்டிக்கிறது, வேலை அதேதான்.

சரி, ஒரே கணினியிலேயே ஓட்ட நேரம் ஏன் மாறுகிறது? முதலில், ஓட்ட நேரமும் செயலி நேரமும் ஒன்றல்ல. முன்னது கடிகாரத்தில் கடந்த நேரம், பின்னது செயலி அந்தப் பணிக்காக உழைத்த நேரம். பின்னணியில் வேறு நிரல்கள் ஓடினால் பணி காத்திருக்கும், ஓட்ட நேரம் நீளும். அதைவிடப் பெரிய காரணம் தரவிலேயே இருக்கிறது. செட்டி@ஹோமில் பதிவின்போது தொலைநோக்கி வானத்தில் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய சோதனைகள் மாறின, நேரமும் மாறியது. இரைச்சல் நிறைந்த பதிவில் 30 சமிக்ஞைகள் சேர்ந்ததும் பணி அங்கேயே நின்றுவிடும். செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கிக்கு உதவும் எல்எச்சி@ஹோம் திட்டத்தின் சிக்ஸ்ட்ராக் பணிகள் முடுக்கிக் குழாய்க்குள் துகள்கள் லட்சக்கணக்கான முறை சுற்றுவதைக் கணித்துப் பார்ப்பவை. துகள்கள் ஆரம்பத்திலேயே பாதையை விட்டு விலகினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். விலகியது என்பதும் ஆய்வாளருக்கு வேண்டிய விடைதான், தோல்வி இல்லை.

பாயிங்க் முதலில் செயலி நேரத்தைக் கணினியின் வேகச் சோதனை முடிவோடு பெருக்கிக் கிரெடிட்டைக் கணித்தது. அந்த எண்களைத் தருவது பங்களிப்பவரின் கணினியே. அவற்றை ஊதிப் பெருக்க வழி இருந்தது. நிலையான கிரெடிட் முறையில் அதற்கு இடமே இல்லை. பணியின் அளவைத் திட்டமே கணித்து, முடித்தால் இவ்வளவு என்று வைத்துவிடுகிறது. ஈர்ப்பலைகளைத் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம் இப்படிச் செய்யும் திட்டம். ஒரே வகைப் பணிகள் அளவில் கிட்டத்தட்ட ஒத்திருந்தால் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரிந்து இல்லை. அளவு பெரிதும் மாறினால் நீளமான பணிக்கு மணிக்கணக்கில் பார்த்தால் குறைவாகக் கிடைக்கும். பல பணிகள் சேரும்போது அது சராசரியில் சமனாகிவிடும். ஆனால் சிலர் நீளமானவற்றை ரத்து செய்துவிட்டுக் குட்டையானவற்றை மட்டும் ஓட்டுகிறார்கள். ரத்தான பணி இன்னொருவருக்குப் போகும், ஆய்வு அந்த அளவுக்குத் தாமதமாகும். எண்ணுக்காக அறிவியலைக் காக்கவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டா@ஹோம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே பங்களிப்பவர் ஓட்ட நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நேரத்துக்குள் எத்தனை புரத மாதிரிகள் முடிகின்றனவோ அதற்கேற்பக் கிரெடிட். நேரம் நிலையாக நிற்கிறது, வேலை மாறுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கடன்' பொருந்தவே பொருந்தாது. 'புள்ளி' எளிது, பேச்சில் வருகிறது. ஆனால் விளையாட்டில் எடுப்பது போலத் தொனிக்கிறது. 'வரவு' நல்ல சொல், வினையாக இன்னும் நன்றாக இருக்கும். அளவைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக 'மதிப்பலகு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அலகு என்ற பகுதி இது அளவை என்று சொல்லிவிடுகிறது. நிலையான கிரெடிட்டை 'நிலை மதிப்பலகு' என்றும், சரிபார்ப்புக்குக் காத்திருப்பதை 'நிலுவை மதிப்பலகு' என்றும் சொல்லலாம். வாக்கியத்தில்: "இந்தப் பணிக்கு நிலை மதிப்பலகு 500, இரண்டாவது கணினியின் விடையும் ஒத்துப்போனதும் கணக்கில் வரவு வைக்கப்படும்."