பழைய ஸ்கேனர் லினக்ஸில் பேச மறுப்பது ஏன்?

பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த ஸ்கேனரைத் துடைத்து, லினக்ஸ் கணினியில் இணைக்கிறோம். விளக்கு எரிகிறது, கண்ணாடிக்கு அடியில் தலைப்பகுதி ஒருமுறை நகர்ந்து தன் இடத்துக்குத் திரும்பி நிற்கிறது. ஸ்கேன் செய்யும் செயலியைத் திறந்தால் மட்டும் ‘சாதனம் எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரி வருகிறது. விளக்கும் மோட்டாரும் நன்றாக இருக்கும்போது இப்படி நேர்ந்தால், கோளாறு பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை. கருவிக்கும் செயலிக்கும் நடுவே நான்கைந்து அடுக்குகள் உள்ளன. அவற்றுள் ஏதோ ஓர் அடுக்கில் பேச்சு அறுந்துவிட்டது. அது எந்த அடுக்கு என்று தெரியாமல் மென்பொருள்களை மாற்றி மாற்றி நிறுவிப் பார்ப்பதால் பொழுதுதான் போகும்.

பென் டிரைவுக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று கேட்பது நியாயமே. யூஎஸ்பி தரநிர்ணயம் கருவிகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொது மொழியை வரையறுத்துள்ளது. சேமிப்புக் கருவிகளுக்கு ஒரு வகுப்பு, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஒரு வகுப்பு என்று இருப்பதால், யார் தயாரித்த பென் டிரைவும் எந்தக் கணினியிலும் வேலை செய்கிறது. படக் கருவிகளுக்கென்றும் ஒரு வகுப்பு உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொண்டவை டிஜிட்டல் கேமராக்களே. மேசை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை தம்மைத் ‘தயாரிப்பாளருக்கே உரிய வகை’ என்று அறிவித்துக்கொண்டன. அதாவது, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தனி மொழி. அதற்கு அகராதியும் வெளியிடப்படவில்லை. ஒரே பெயர் வரிசையில் வந்த மாடல்கள்கூட ஒரே மொழியைப் பேசுவதில்லை. கேனான் நிறுவனத்தின் லைடு 30 ஸ்கேனருக்குள் நேஷனல் செமிகண்டக்டர் தயாரித்த சிப் இருக்கிறது. அதே வரிசையின் லைடு 35-இல் இருப்பதோ ஜெனிசிஸ் லாஜிக் தயாரித்த வேறொரு சிப். ஆகவே லினக்ஸில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு இயக்கிகள், அதாவது கருவியின் மொழியைப் பேசும் நிரல்கள், தேவைப்படுகின்றன. முன்னதற்கு உதவும் இயக்கியின் பெயர் ‘பிளஸ்டெக்’. வேறொரு தயாரிப்பாளரின் பெயர் அது. புதிதாகப் பார்ப்பவர் குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு.

லினக்ஸில் இந்த மொழிகளையெல்லாம் தொகுத்து வைத்திருப்பது ‘சேன்’ என்னும் திட்டம். 1990களில் டேவிட் மோஸ்பெர்கர் உள்ளிட்டோர் தொடங்கிய இத்திட்டத்தின் பெயர் ‘ஸ்கேனர் அக்ஸஸ் நவ் ஈஸி’ என்பதன் சுருக்கம். அக்காலத்தில் விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கில் இருந்த ‘ட்வெயின்’ முறையில், ஸ்கேனரை இயக்கும் நிரலும் பயனருக்குத் தெரியும் அமைப்புச் சாளரமும் ஒன்றாகவே கட்டப்பட்டு வந்தன. இயங்குதளம் மாறும்போது தயாரிப்பாளர் அந்தக் கட்டைப் புதுப்பிக்காவிட்டால் ஸ்கேனர் கைவிடப்பட்டதாகிவிடும். சேன் இவ்விரண்டையும் பிரித்தது. பின்புலம் எனப்படும் இயக்கி, ‘எனக்கு இன்னின்ன தெளிவுத்திறன்கள் உண்டு, வண்ணமும் சாம்பல் நிறமும் தெரியும், பரப்பின் எல்லை இது’ என்று ஒரு பட்டியலை மட்டும் கொடுக்கும். அதைச் சாளரமாக வரைவதும் கட்டளை விருப்பங்களாக மாற்றுவதும் முன்புலத்தின் வேலை. மேலும், லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 2.4 வரிசையில் யூஎஸ்பி ஸ்கேனர்களுக்கென இருந்த தனி நிரல்கூறு 2.6 வரிசையில் நீக்கப்பட்டு, இயக்கிகள் ‘லிப்யூஎஸ்பி’ நூலகத்தின் வழியாகக் கெர்னலுக்கு வெளியிலிருந்தே கருவியுடன் பேசத் தொடங்கின. கெர்னல் எத்தனை முறை மாறினாலும் பழைய இயக்கி பிழைத்திருப்பதற்கு இந்தப் பிரிவினையே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

அந்த இயக்கிகள் செய்யும் வேலை சிறியதன்று. மலிவான பழைய ஸ்கேனருக்குச் சொந்த மூளை மிகக் குறைவு. மோட்டார் எந்த வேகத்தில் முடுக வேண்டும், உணரி எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும் என்பதைக்கூடக் கணினிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் தலைப்பகுதி சட்டத்தின் விளிம்புக்கு அடியில் போய்ச் சற்றுத் தயங்குவதைப் பலரும் கவனித்திருக்கலாம். அங்கே கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு வெண்பட்டை ஒட்டப்பட்டுள்ளது. 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், தெளிவுத்திறன் கொண்ட ஸ்கேனரின் உணரியில் ஏறத்தாழ 5,100 புள்ளிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றில் எந்த இரண்டும் சரிசமமான உணர்திறன் கொண்டவை அல்ல, விளக்கும் ஓரங்களில் மங்கலாகவே எரிகிறது. எனவே இருட்டில் ஒவ்வொரு புள்ளியும் என்ன மதிப்பைத் தருகிறது, வெண்பட்டையின் முன் என்ன தருகிறது என்று இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டு, பின்னர் வரும் ஒவ்வொரு மதிப்பையும் இவ்விரண்டுக்கும் இடையில் பொருத்தித் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாத படம் முழுவதும் நெடுங்கோடுகளாகவே இருக்கும்.

உணரியின் வகையையும் இயக்கி அறிந்திருக்க வேண்டும். சிசிடி வகையில் குளிர்முனைக் குழல்விளக்கும் கண்ணாடிகளும் வில்லையும் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி உணரி வரிசைகள் சிறிது இடைவெளி விட்டு அமைந்திருப்பதால், தாளின் ஒரே இடத்தை அவை வெவ்வேறு நேரங்களில் பார்க்கின்றன. மூன்றையும் சரியாக நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்று பொருத்துவது இயக்கியின் பொறுப்பு. சிஐஎஸ் வகையில் உணரி வரிசை ஒன்றுதான். மூன்று வண்ண எல்இடிகள் மாறி மாறி ஒளிர்கின்றன. அது சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை, யூஎஸ்பி கேபிளின் மின்சாரமே அதற்குப் போதும். ஆனால் தாள் கண்ணாடியை விட்டுச் சிறிது எழும்பினாலும் எழுத்து மங்கிவிடும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு இதில் மங்கலாக வருவதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது.

இனி அறுந்த இடத்தைத் தேடுவோம். முதற்கேள்வி கெர்னலுக்கு: கருவி கண்ணில் படுகிறதா? முனையத்தில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை தரும் பட்டியலில் ஸ்கேனருக்கான வரி இருக்க வேண்டும். அதில் தயாரிப்பாளருக்கு ஒன்றும் கருவிக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள், பதினாறடிமான முறையில், வரும். பெட்டியில் அச்சிட்ட பெயரை விட இவற்றையே நம்ப வேண்டும். ஒரே பெயரில் உள்ளடக்கம் மாறிய கருவிகள் விற்பனையாகியிருக்கின்றன. வரியே இல்லையென்றால் மென்பொருளைத் தொடவே வேண்டாம். கேபிள், மின்னிணைப்பு, போர்ட் ஆகியவற்றில்தான் குறை.

அடுத்து ‘சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்’. இது எந்த இயக்கியின் துணையுமின்றி யூஎஸ்பி இணைப்புகளையும் ‘ஸ்கஸி’ என்னும் பழைய வகை இணைப்புகளையும் தானே துழாவி, ஸ்கேனர் போலத் தோன்றும் கருவிகளைச் சொல்லும். சில கருவிகளுக்கு உள்ளிருக்கும் சிப்பின் பெயரையும் ஊகித்துக் கூறும். ஆனால் ஒரு கருவியை இது கண்டுபிடித்துவிட்டதாலேயே அதற்கு இயக்கி இருக்கிறது என்று பொருளாகாது. அதைச் சொல்வது மூன்றாவது கட்டளை: பெரிய ‘எல்’ எழுத்தை விருப்பமாகச் சேர்த்த ‘ஸ்கேன்இமேஜ்’. இது இயக்கிகளையெல்லாம் ஏற்றி, யாராவது அந்தக் கருவியை உரிமை கொண்டாடுகிறார்களா என்று பார்க்கும். இரண்டாவது கட்டளைக்குத் தெரிந்தது மூன்றாவதற்குத் தெரியவில்லை என்றால், சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்த எண்களைத் தேட வேண்டும். அப்பட்டியல் ஒவ்வொரு கருவிக்கும் ‘முழுமை’ முதல் ‘ஆதரவில்லை’ வரை ஒரு தரநிலையைக் குறிப்பிடுகிறது. ஆதரவு உண்டு என்று அங்கே இருந்தும் வேலை செய்யவில்லையெனில், எந்தெந்த இயக்கிகளை ஏற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்தும் ‘டிஎல்எல்’ அமைப்புக் கோப்பில் அந்த இயக்கியின் பெயருக்கு முன்னால் யாரோ ஒரு கருத்துக்குறியை வைத்து முடக்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது கட்டளை நிர்வாகியாக இயக்கும்போது மட்டும் ஸ்கேனரைக் காட்டி, சாதாரணப் பயனராக இயக்கும்போது காட்டாவிட்டால், அது அனுமதிச் சிக்கல். இயக்கியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கருவி இணைந்த நொடியில், கருவிகளை நிர்வகிக்கும் ‘யூடெவ்’ என்னும் லினக்ஸ் சேவையின் விதிகள் அதன் எண்களைப் பார்த்து, கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கோ ‘ஸ்கேனர்’ என்னும் குழுவுக்கோ அணுகும் உரிமையைத் தருகின்றன. அந்த விதிகளில் இடம்பெறாத எண்ணுக்கு ஒரு வரியை நாமே சேர்க்கலாம். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தவருக்கு ஸ்கேனர் தெரியாமல் போவதும் இதனாலேயே: திரையின் முன் இருப்பவருக்குக் கிடைக்கும் உரிமை அவருக்குக் கிடைப்பதில்லை. நிர்வாகியாகவே எப்போதும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று சிலர் இந்த இடத்தில் குறுக்குவழி தேடுகிறார்கள். அது நல்ல பழக்கமன்று.

கருவியும் தெரிகிறது, இயக்கியும் அதை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஸ்கேன் தொடங்கியதும் பிழை வருகிறது என்றால் ஃபர்ம்வேரை நினைக்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காகச் சில ஸ்கேனர்கள் தம் உள்நிரலை நிரந்தர நினைவகத்தில் வைத்திருப்பதில்லை; மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 2480, ஃபுஜிட்சு ஸ்கேன்ஸ்னாப் எஸ்300 ஆகியவை இந்த வகை. அந்தக் கோப்பின் காப்புரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால் சேன் தொகுப்பில் அது வருவதில்லை. கருவியோடு வந்த விண்டோஸ் குறுந்தகட்டின் சுருக்கக் கோப்புகளிலிருந்து ‘கேப்எக்ஸ்ட்ராக்ட்’ போன்ற நிரலால் பிரித்தெடுத்து, அதன் இருப்பிடத்தை இயக்கியின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். விண்டோஸில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, ஸ்கேனரை அணைக்காமல் லினக்ஸுக்கு மாறினால் மட்டும் அது வேலை செய்கிறது என்ற விந்தைக்கும் விடை இதுவே: ஊட்டிய நிரல் இன்னும் அதன் நினைவில் இருக்கிறது.

யூஎஸ்பி 3 போர்ட்டுகள் பரவிய பிறகு வேறொரு புதிர் தோன்றியது. கேபிளைச் செருகியதும் முதல் ஸ்கேன் சரியாக வரும், இரண்டாவது தொங்கிவிடும், பிடுங்கிச் செருகினால் மறுபடியும் ஒருமுறை. யூஎஸ்பியில் தரவுப் பொதிகள் 0, 1, 0, 1 என்று மாறி மாறிக் குறியிடப்படுகின்றன. வரவேண்டிய குறிக்குப் பதில் முந்தைய குறியே மீண்டும் வந்தால், ‘இது ஏற்கெனவே வந்த பொதியின் நகல்’ என்று எண்ணிப் பெறுபவர் அதை ஒதுக்கிவிடுவார். ஒரு ஸ்கேன் முடிந்து தொடர்பு மூடப்படும்போது ஒருபுறம் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்க, மறுபுறம் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டால் அடுத்த உரையாடலின் முதற்சொல்லே காதில் விழாமல் போகும். இதற்காகவே சேன் தொகுப்பில் ‘சேன் யூஎஸ்பி ஒர்க்கரவுண்ட்’ என்னும் சூழல் மாறி, அதாவது நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு, சேர்க்கப்பட்டது. அதன் மதிப்பை 1 என வைத்தால், தொடர்பை மூடும்போது இருபுறமும் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குமாறு நூலகம் கட்டாயப்படுத்தும். யூஎஸ்பி 2 போர்ட் ஒன்று கணினியில் இருந்தால், அதில் செருகிப் பார்ப்பது இதை விட எளிது.

வேகத்தைப் பற்றிய குறைகளில் பல உண்மையில் கணக்கு சார்ந்தவை. ஓர் ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால் 2,480 பெருக்கல் 3,508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்டுகள்: சுமார் 26 மெகாபைட். யூஎஸ்பி 1.1 நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபைட்டைத்தான் நடைமுறையில் கடத்தும். ஆக, அரை நிமிடம் ஆவது இயல்பு. 600 டிபிஐயில் இது நான்கு மடங்காகும். கேபிள் ஈடுகொடுக்க முடியாதபோது ஸ்கேனரின் சிறிய இடைநினைவகம் நிரம்பி, தலைப்பகுதி நின்று, சற்றுப் பின்வாங்கி, மீண்டும் முன்னேறும். அந்த இடங்களில் எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரியலாம். வெறும் எழுத்துள்ள தாளைச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் தரவு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

பழைய அச்சுப்பொறிகளை இணைக்கப் பயன்பட்ட இணைநிலை போர்ட்டில் செருகும் ஸ்கேனர்களுக்கும் சேன் தொகுப்பில் இயக்கிகள் உண்டு, ஆனால் புதிய கணினியில் அந்தத் துளையே இல்லை. பழைய கணினி ஒன்றை அதற்கென ஒதுக்கி, அதில் ‘சேன்டி’ சேவையை இயக்கினால், 6566 என்ற போர்ட் எண்ணின் வழியாக மற்றக் கணினிகள் அந்த ஸ்கேனரைத் தம்முடையது போலவே பயன்படுத்தலாம். இத்தரவு மறையாக்கம் செய்யப்படாமல் செல்வதால் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது.

எல்லாம் இயங்கிய பிறகும் படத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடு ஓடினால், இயக்கியைச் சந்தேகிக்கும் முன் அந்த வெண்பட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒட்டிய ஒரு தூசி, தனக்கு நேரே உள்ள புள்ளியை ‘இதன் வெண்மை இவ்வளவுதான்’ என்று தவறாகக் கற்பித்துவிடுகிறது. திருத்தம் அந்தப் புள்ளியைத் தாள் முழுவதும் அளவுக்கு மீறி வெளுத்துக் காட்டுகிறது. வெளுத்த கோடு என்றால் பட்டையில் தூசி. தாளைத் தானே இழுக்கும் ஸ்கேனரில் கறுத்த கோடு என்றால் உணரிக்கு மேலுள்ள குறுகிய கண்ணாடியில் தூசி. அரைப்பது போல ஓசை எழுப்பித் தலைப்பகுதி நகராமல் நின்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஸ்கேனரைத் திருப்பிப் பார்க்கலாம்: பயணத்தின்போது தலைப்பகுதி ஆடாமலிருக்கப் பூட்டிய சிறு விசை அடிப்பாகத்தில் அப்படியே பூட்டிக் கிடக்கும்.