ஒரே எடை வெடிமருந்து, இரண்டு விதமான அழிவு

1944-ல் ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-1 பறக்கும் குண்டு, வி-2 ராக்கெட் இரண்டுமே சுமந்து வந்தது ஏறத்தாழ ஒரு டன் வெடிபொருள்தான். ஆனால் புறநகர்த் தெருக்களில் அவை செய்த சேதம் ஒரே மாதிரி இல்லை. காரணம், வந்து விழுந்த வேகம்.

ஜூன் 13-ம் தேதி வரத் தொடங்கிய வி-1, ஆளில்லாத ஒரு சிறு விமானம். வேகம் மணிக்குச் சுமார் 640 கி.மீ. அதன் மூக்கில் சின்னக் காற்றாடி ஒன்று இருக்கும். அது சுற்றச் சுற்ற, எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை உள்ளே ஒரு கருவி எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண்ணை எட்டியதும் குண்டு தலைகுப்புறக் கவிழும். கவிழும்போது எரிபொருள் சரியாகப் போகாமல் எஞ்சின் அணைந்துவிடும். இது வடிவமைத்தவர்கள் திட்டமிட்டதல்ல. பின்னால் சரிசெய்யவும் செய்தார்கள். அதுவரை கீழே இருந்தவர்களுக்கு அந்தத் திடீர் அமைதிதான் எச்சரிக்கை. சத்தம் நின்றால் மாடிப்படிக்கு அடியிலோ மேசைக்கு அடியிலோ புகுந்துகொள்ளச் சில விநாடிகள் கிடைக்கும்.

தரையையோ கூரையையோ தொட்ட கணத்தில் வி-1 வெடித்தது. பள்ளம் ஆழமில்லை, விசை முழுக்கப் பக்கவாட்டில் பாய்ந்தது. முதலில் அழுத்த அலை சுவர்களைத் தள்ளும். அடுத்து அழுத்தம் குறைந்து, காற்று பின்னோக்கி இழுக்கும். அதனால்தான் பல வீடுகளில் ஜன்னல் கண்ணாடி உள்ளே விழாமல் தெருவில் சிதறிக் கிடந்தது. நடுவில் சில வீடுகள் தரைமட்டம். சுற்றிலும் தெருத் தெருவாக ஓடு இல்லாத கூரைகள்.

வி-2 ராக்கெட் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் இறங்கியது. முதலில் வெடிச்சத்தம், அப்புறம்தான் அது வந்த இரைச்சல். ஒளிந்துகொள்ள ஒரு விநாடியும் இல்லை. அதே வேகத்தில் மண்ணுக்குள் புதைந்து வெடித்ததால், விசையில் பெரும்பங்கு பள்ளம் தோண்டுவதில் செலவானது. சேதப் பரப்பு வி-1-ஐவிடக் குறுகலாகவே இருந்தது. விழுந்த இடத்தில் எதுவும் மிஞ்சவில்லை. நவம்பர் 25 அன்று லண்டனின் நியூ க்ராஸ் கடைத்தெருவில் ஒரே ஒரு வி-2, 168 பேரைக் கொன்றது.

லண்டனிலேயே அதிக வி-1 விழுந்த இடம் தெற்கே உள்ள க்ராய்டன்: 140-க்கும் மேல். குறி வைத்ததோ நகரின் நடுவே, டவர் பிரிட்ஜுக்கு. பிரான்ஸ் கரையிலிருந்து வந்த குண்டுகளில் பல, குறிக்கு முன்பே தெற்குப் புறநகரில் இறங்கிவிட்டன. அந்தப் பிழை ஜெர்மானியருக்குத் தெரியக்கூடாது என்று, பிரிட்டிஷ் உளவுத்துறை இரட்டை உளவாளிகள் மூலம், அதாவது ஜெர்மனி தன் ஆட்கள் என்று நம்பிய, ஆனால் பிரிட்டனுக்கு வேலை செய்தவர்கள் மூலம், பொய்த் தகவல் அனுப்பியது. குண்டுகள் குறி தாண்டி விழுகின்றன என்று அவர்களை நம்பவைப்பதே நோக்கம். நம்பினால் தூரத்தைக் குறைப்பார்கள், குண்டுகள் நடுநகரை எட்டாமல் தெற்கிலேயே விழும்.

போர்க் கணக்கில் இதற்கு நியாயம் உண்டு: நெரிசலான நடுநகரம் ஓரளவு தப்பும். ஆனால் அந்தக் கணக்கில் தங்கள் தெரு இருப்பது க்ராய்டன்காரர்களுக்குத் தெரியாது. யார் சாகவேண்டும் என்று நாம் முடிவுசெய்வதா என்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் எதிர்த்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அவர் எதிர்ப்பையும் மீறி அந்த ஏமாற்று வேலை தொடர்ந்தது.