ஒளிமிகு லென்ஸ்: ‘வேகமான லென்ஸ்’ என்று ஏன் எழுதக்கூடாது

“பயிர் சென்சார் கேமராக்களுக்கான வேகமான நிலையான ஜூம் லென்ஸ்.” விலைப்பட்டியல், மதிப்புரை, காணொளித் தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் இப்போது இந்த வரிதான். ஏழு சொல்லில் மூன்று பிழை. பயிருக்கும் கேமராவுக்கும் தொடர்பு இல்லை. ஜூம் என்றாலே மாறுவது. அதை ‘நிலையான’ என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் படித்தவுடனே எதுவோ தவறிவிட்டது என்று யாருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதான ‘வேகமான’ அப்படித் தெரியாது. சரிபோலவே நிற்கும், அதை நம்பி முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர், லென்ஸ் ஏன் மெதுவாக ஃபோகஸ் செய்கிறது என்று குழம்பி நிற்பார். அதனால்தான் இந்த ஒரு சொல்லை இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். லென்ஸின் குவியத் தொலைவை, முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. குவியத் தொலைவில் துளை ஏறக்குறைய 18 மி.மீ. இருந்தால் எஃப் 2.8, 9 மி.மீ. இருந்தால் எஃப் 5.6. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும். ஆகவே எஃப் 5.6-இல் வரும் ஒளியைப் போல் நான்கு மடங்கு எஃப் 2.8-இல் வரும். முழுத் திறப்பில் எஃப் எண் சிறிதாக உள்ள லென்ஸை ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்கிறார்கள்.

ஏன் அப்படி? 1839-இல், வெள்ளி பூசிய தகட்டில் படம் பதிக்கும் டாகேர் முறைக் கேமராக்களில் இருந்த லென்ஸ் ஏறக்குறைய எஃப் 15. படம் விழப் பல நிமிடம் ஆகும். 1840-இல் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸ் எஃப் 3.6 அளவுக்குத் திறந்தது, காத்திருக்கும் நேரம் சட்டென்று குறைந்தது. 1866-இல் டால்மேயர் தம் லென்ஸுக்கு ‘ரேபிட் ரெக்டிலினியர்’ என்றே பெயர் வைத்தார். அது எஃப் 8! நிமிடக் கணக்கில் காத்திருந்த காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொல்லின் வேரைப் பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்பதற்கு இறுக்கமான, உறுதியான என்றுதான் பொருள். விரைவு என்ற பொருள் பின்னால் வந்தது. வேர் இவ்வளவு போதும்.

இனி ‘வேகமான லென்ஸ்’. தமிழில் வேகம் என்ற சொல்லை ஒரு கருவியோடு சேர்த்தால், அந்தக் கருவி எதைச் செய்கிறதோ அதை விரைவாகச் செய்கிறது என்று பொருள். வேகமான வண்டி தான் ஓடும், வேகமான மிக்சி தான் அரைக்கும். லென்ஸில் அசையக்கூடியவை எவை? ஃபோகஸ் மோட்டார், ஜூம் வளையம், துளையைச் சுருக்கும் தகடுகள். இவற்றில் கடைக்காரரும் வாங்குபவரும் நாள்தோறும் பேசுவது ஃபோகஸ் மோட்டாரைப் பற்றித்தான். ஆக ‘வேகமான லென்ஸ்’ என்று படித்தவுடன் தமிழ் வாசகர் மனம் மோட்டாருக்குப் போவது இயல்பு. அது அவருடைய அறியாமை ஆகாது. அந்தத் தொடர் தமிழில் தரும் பொருளே அதுதான்.

இந்தக் குழப்பம் ஏட்டளவில் நிற்பதில்லை. ஓசையோடு சுற்றும் சாதாரண மோட்டார் வைத்த பழைய 17-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்கள் இன்றும் பழைய பொருள் சந்தையில் நிறைய வருகின்றன. ஆங்கிலக் கணக்கில் அவை ‘ஃபாஸ்ட்’. மங்கிய வெளிச்சத்தில் அவை ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் போய்வருவதற்குள் காட்சி போய்விடும். மறுபக்கம், கேனான் 2013-இல் வெளியிட்ட, எஸ்டிஎம் என்ற வகை மோட்டார் வைத்த 18-55 மி.மீ. லென்ஸ் சத்தமில்லாமல் சட்டென்று ஃபோகஸ் செய்யும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஸ்லோ’ லென்ஸ், ஏனென்றால் அது எஃப் 3.5-5.6, அதாவது 18-இல் 3.5 வரையும் 55-இல் 5.6 வரையும்தான் திறக்கும். இவற்றை ‘வேகமான’, ‘மெதுவான’ என்று மொழிபெயர்த்தால் வாங்குபவருக்கு நேர்மாறான செய்தி போய்ச் சேருகிறது.

வடசொல்லான வேகத்தைத் தள்ளிவிட்டு ‘விரைவு வில்லை’ (வில்லை என்றால் லென்ஸ்) என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது என்று தூயதமிழ் அன்பர்கள் நினைக்கிறார்கள். தமிழ் வேர் மீது அவர்கள் வைத்திருக்கும் அக்கறையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இங்கே பிழை சொல்லின் பிறப்பில் இல்லை, கருத்தில் இருக்கிறது. வேகம் என்று எழுதினாலும் விரைவு என்று எழுதினாலும் வாசகர் மோட்டாரைத்தான் நினைப்பார்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. விரைவுச்சாலை என்கிறோம், சாலையா ஓடுகிறது? துரித உணவு என்கிறோம், உணவா ஓடுகிறது? அதுபோல் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவை, விரைவாக வைக்க இடம் தரும் லென்ஸை விரைவு லென்ஸ் என்றால் என்ன? கேட்கவேண்டிய கேள்விதான். சாலையில் விரையக்கூடியது வண்டி ஒன்றே, ஆகவே குழப்பத்துக்கு அங்கே வழியில்லை. லென்ஸில் மோட்டார் என்ற போட்டி இருக்கிறது. பிறகு ஷட்டர் லென்ஸுக்குள் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது. வாசகர் லென்ஸிலிருந்து ஒளிக்கும், ஒளியிலிருந்து ஷட்டருக்கும், ஷட்டரிலிருந்து வேகத்துக்கும் தாவவேண்டும். அடுத்தடுத்து மூன்று தாவல் கேட்கும் கலைச்சொல், புதிதாகக் கற்பவருக்கு உதவாது. மேலும், கிடைத்த கூடுதல் ஒளியை ஷட்டர் வேகத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ-வைக் குறைத்துப் படத்தில் விழும் புள்ளியிரைச்சலைத் தணிக்கலாம். பின்னணியை மங்கவைக்க மட்டும் திறந்து வைக்கலாம். வேகம் ஒரு பயன். ஒளிதான் காரணம்.

மற்ற மொழிகள் காரணத்தைப் பிடித்துக்கொண்டன. ஜெர்மானியர் இதை ‘லிக்ட்ஷ்டார்க்’ என்கிறார்கள், ஒளிவலு உள்ளது என்று பொருள். பிரெஞ்சில் ‘லூமினியூ’, இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ‘லுமினோசோ’, ஜப்பானியத்தில் ‘அகாருய்’. எல்லாவற்றிலும் ஒளியே நிற்கிறது. லென்ஸ் செய்வதில் பேர்போன ஜெர்மனியும் ஜப்பானும் வேகத்தை நாடவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்பது எனக்கு உள்ள பெரிய வருத்தம்.

வேகத்தை ஏற்காத சிலர் ‘பெருந்துளை லென்ஸ்’ என்றும் ‘அகல்துளை லென்ஸ்’ என்றும் எழுதுகிறார்கள். எவ்வளவோ மேல், ஆனாலும் குறை உண்டு. ‘அகல்’ என்றவுடன் அகல்கோண லென்ஸோடு குழம்பும். ‘பெருந்துளை’ கணக்கில் பொய்க்கும்: 250 மி.மீ. எஃப் 5.6 லென்ஸின் துளை கிட்டத்தட்ட 45 மி.மீ.; 17 மி.மீ. எஃப் 2.8-இன் துளை வெறும் 6 மி.மீ., ஒரு பட்டாணி அளவு. பெரிய துளை உள்ளதே குறைந்த ஒளி தருகிறது. எஃப் எண் என்பது விகிதம், துளையின் அளவு அன்று. எஃப் 2.8 ஜூம் ஒன்றைக் கையில் பிடித்து, முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே 17-இலிருந்து 50-க்குத் திருப்பிப் பாருங்கள். தகடுகள் அசையாமலே இருக்க, துளை பட்டாணியிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக வளர்ந்து தெரியும். விகிதம் மாறாமல் இருக்கவே அந்த வளர்ச்சி.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘ஒளிமிகு லென்ஸ்’. மாண்புமிகு, புகழ்மிகு என்று நாவில் பழகிய அமைப்பு. எதிர்ச்சொல்லும் தானே பிறக்கிறது: ஒளிகுறை லென்ஸ். ஒளிமிகு என்றால் லென்ஸே விளக்குப்போல் எரிகிறது என்று யாராவது நினைத்துவிட மாட்டார்களா என்ற ஐயம் வேண்டாம். லென்ஸ் வழி வரும் காட்சியை ஆடியால் கண்ணுக்குக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் மாட்டிக் கண்ணை வைத்தவுடன் காட்சி பளிச்சென்று தெரியும், சொல்லுக்கு அதுவே சான்று. ‘ஸ்டாப்’ என்பதற்குப் ‘படி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் பேச்சு எளிதாகிவிடும். படி ஏறுவதற்கும் ஆகும், அரிசி அளப்பதற்கும் ஆகும்; இங்கே இரண்டு பொருளும் பொருந்தும், ஒவ்வொரு படிக்கும் ஒளி இருமடங்கு. எஃப் 5.6-ஐவிட எஃப் 2.8 இரண்டு படி ஒளிமிகுந்தது. 2013-இல் வந்த சிக்மா 18-35 எஃப் 1.8, அதைவிட ஒன்றேகால் படிக்குச் சற்றுக் கூடுதல். வில்லையா லென்ஸா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இலங்கைப் பாடநூல் வில்லை என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் லென்சு என்கிறது. எதோடு சேர்த்தாலும் ‘ஒளிமிகு’ நிற்கும்.

இரண்டு படி என்றால் என்ன என்பதற்குத் திருமண மண்டபத்தைவிட நல்ல இடம் இல்லை. தாலி முடியும் நேரம், ஐஎஸ்ஓ 3200. 18-55 லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, ஷட்டர் 1/30 நொடிக்கு இறங்கிவிடும். முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கி விழும். அதே வெளிச்சத்தில் எஃப் 2.8 வைத்தால் 1/125. விரலும் நிற்கும், மஞ்சள் கயிற்றின் முறுக்கும் தெரியும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது கேமராவின் நடுக்கத்தைத் தாங்கும், மாப்பிள்ளையின் விரலை நிறுத்தாது.

சொல் சரியாக இருந்தால் எதைச் சோதித்து வாங்குவது என்பதும் சரியாகும். ஒளிமிகு என்று விற்கிறார்களா, அந்த ஒளி ஓரம்வரை வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 2.8-இல் ஒன்று, எஃப் 5.6-இல் ஒன்று எடுத்து மூலைகளை ஒப்பிட்டால் ஓர இருட்டு தெரிந்துவிடும். கேமராவின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் இருட்டு மறைந்து இரைச்சலாக வரும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் வைத்து, 17, 24, 35, 50 நான்கிலும் முழுத் திறப்பில் எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது வடிவமைப்பின் குணம், எஃப் 4-இல் பெரும்பாலும் சரியாகும். ஒரு மூலை மட்டும் மங்கினால் முதலில் கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலை என்றால் உள்ளே ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது, அந்த லென்ஸை வாங்க வேண்டாம். எஸ்எல்ஆர் என்றால் சாய்த்து வைத்த அளவுகோலை 50-இல் எஃப் 2.8-இல் எடுத்து, ஃபோகஸ் முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். எஃப் 5.6-இல் மறைந்துவிடும் பிழை எஃப் 2.8-இல் அப்பட்டமாகத் தெரியும். மோட்டாரின் வேகம் இவற்றோடு சேராத தனிச் சோதனை. தனிச் சொல்லும் அதற்கு வேண்டும்: ‘விரைவு ஃபோகஸ்’ என்று எழுதுங்கள், அங்கே விரைவு பொருந்தும்.

மற்ற இரண்டு பிழைகளுக்கு வருவோம். ‘ஸ்டாண்டர்டு’ என்பதை ‘நிலையான’ என்றும், ‘தரமான’ என்றும் பெயர்க்கிறார்கள். உணரியின் (சென்சாரின்) மூலைவிட்டத்துக்கு நெருக்கமான குவியத் தொலைவு தரும் இயல்பான பார்வையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை உணரியில் மூலைவிட்டம் 27, 28 மி.மீ.; 17-50 அதை நடுவில் வைத்து இருபுறமும் விரிகிறது. ‘இயல்பு ஜூம்’ போதும். இதே ‘நிலையான’ என்ற சொல்லைத் துளைக்கும் ஒட்டி ‘நிலையான துளை’ என்று எழுதுவதால், துளையைச் சுருக்கவே முடியாது என்று நம்பியவர்களும் உண்டு. ‘முழு வீச்சிலும் எஃப் 2.8’ என்று எழுதினால் ஐயமே எழாது.

‘பயிர் சென்சார்’ எந்திர மொழிபெயர்ப்பின் கொடை. ‘கிராப்’ என்பதற்குப் பயிர் என்றும் பொருள், வெட்டுதல் என்றும் பொருள். எந்திரம் முதலாவதை எடுத்துக்கொண்டது, சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை. ‘வெட்டுணரி’ என்று திருத்துவோரும் உண்டு, ஆனால் எதுவும் வெட்டப்படவில்லை. ‘ஃபுல் ஃபிரேம்’ உணரியின் 36×24 மி.மீ. பரப்புக்குப் பதில் ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ. பரப்பு, கேனானில் 22.3×14.9. அது பிறக்கும்போதே சிறிய உணரி. ‘குறும்பரப்பு உணரி’ அல்லது வெறும் ‘ஏபிஎஸ்-சி’. குவியத் தொலைவை 1.5, 1.6-ஆல் பெருக்கிச் சொல்வது பார்வைக் கோணத்தை ஒப்பிடுவதற்கு மட்டும், 50 மி.மீ. 50-ஆகவே இருக்கும், எஃப் 2.8-இன் ஒளியளவும் மாறாது. ‘இந்தக் கேமராவில் 2.8 என்பது 4.2 ஆகிவிடும்’ என்று மொட்டையாக எழுதுகிறவர்கள், பின்னணி மங்கும் அளவை ஒப்பிடும் கணக்கை ஒளியளவின் தலையில் கட்டுகிறார்கள். ‘மிரர்லெஸ்’ என்பதற்கு எழுதும் ‘கண்ணாடியில்லாக் கேமரா’ இன்னொரு கொடுமை. கண்ணாடி இல்லாமல் லென்ஸ் ஏது? இல்லாதது ஆடி, பள்ளிப் பாடத்தில் குழியாடி, குவியாடி என்று படித்த சொல்தானே, ‘ஆடியிலிக் கேமரா’ என்று எழுத என்ன தடை?

முதலில் காட்டிய வரியை இப்படி எழுதலாம்: “ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான ஒளிமிகு இயல்பு ஜூம் லென்ஸ், 17-50 மி.மீ., முழு வீச்சிலும் எஃப் 2.8.” ஃபோகஸ் மோட்டார் எந்த வகை என்பது அடுத்த வரியில் தனியாக.