மார்ச்சில் பிறந்தவரை மறுக்கும் படிவம்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "இணையப் படிவமொன்றில் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சரியாகத்தான் போட்டேன். இரண்டும் பொருந்தவில்லை என்கிறது. ஜனவரியில் பிறந்த அக்காவுக்கு உடனே ஏற்றுக்கொண்டது. நான் பிறந்தது மார்ச். ஏன் இப்படி?"

படிவத்தில் ஒரு பெட்டியின் விதி, இன்னொரு பெட்டியில் நாம் தந்த விடையைப் பொறுத்து மாறும். 'கடவுச்சீட்டு' என்று தெரிவுசெய்தால் அடையாள அட்டைப் பெட்டி மறையும். மறைத்தால் மட்டும் போதாது, அதை நிரப்பியே ஆகவேண்டும் என்ற விதியையும் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால், பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் படிவம் நகராது.

வாசகியின் சிக்கல் இதைவிட அழகானது. இலங்கையின் பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். மூன்றே இலக்கத்தில் மாதம், நாள், பால் எல்லாம் அடங்கிவிடுகின்றன! இலக்கங்களைக் கூட்டி அதிர்ஷ்டம் பார்ப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அவை எப்படி அமைந்தன என்று பாருங்கள், வியப்பு அங்கேதான் இருக்கிறது.

நாளை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான், லீப் வருடமானாலும் இல்லாவிட்டாலும். அதனால் மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆவது நாள். 1985 மார்ச் 15இல் ஒரு பெண் பிறந்தார் என்று வைப்போம். 31, 29, 15: மொத்தம் 75. அட்டையில் 575 என்றிருக்கும். நிரல் எழுதியவரோ கணினியின் சாதாரண நாட்காட்டியை நம்பிவிடுகிறார். 1985 லீப் வருடம் அல்ல. அந்தக் கணக்கில் மார்ச் 15 என்பது 74ஆவது நாள். ஒரு நாள் இடிக்கிறது.

ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிழை வராது. லீப் வருடத்தில் பிறந்த எவருக்கும் வராது. 1996இல் பிறந்த ஒருவர் தன் அட்டையை வைத்தே சோதித்துப் பார்த்திருந்தால், எல்லாம் சரி என்றே நினைத்திருப்பார். பல்கலைக்கழகங்களில் படிவம் எழுதப் பழக்கும் முதல் வாரத்திலேயே இந்த 61ஐச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

மேலே சொன்ன பெண் மார்ச் 16 என்று போட்டால் அந்தப் படிவம் ஏற்றுக்கொள்ளும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிழையான திகதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். 'பெப்ரவரிக்கு 29 நாள் எண்ணுங்கள்' என்று தளத்தை நடத்துபவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.