மோட்டார்ஹோமின் வீட்டுப் பேட்டரி ஏன் சீக்கிரம் வீணாகிறது?

உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் விளக்கு, தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர் முதலியவற்றுக்கு மின்சாரம் தருவது எஞ்சின் பேட்டரி அல்ல, அதற்கென்றே தனியாக வைக்கப்படும் வீட்டுப் பேட்டரி. இரண்டு ஆண்டில் போய்விட்டது, கம்பெனி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் வண்டியைச் சோதித்தால், பெரும்பாலும் அந்தப் பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகாமலே காலம் தள்ளியிருப்பது தெரியவருகிறது.

ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) உள்ளிட்ட ஈய அமில பேட்டரிகள் ஏறத்தாழ 80 சதவீதம் வரை விரைவாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் வோல்ட்டேஜ் 14.4 அளவில் நின்றிருக்க, உள்ளே போகும் ஆம்பியர் மெல்ல மெல்லக் குறைந்து, எஞ்சியது நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டுவதால் அந்தக் கடைசிப் பகுதி நிரம்புவதில்லை. நிரம்பாமலே விடப்படும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை வெளியீட்டுத் தரத்தில் வந்த பல வண்டிகளில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் தாழ்த்தப்படுவதால், இடையில் அதை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் நாள் முழுவதும் ஓட்டினாலும் பயனில்லை.

சுவரிலுள்ள, பேட்டரி அளவைக் காட்டும் நான்கு விளக்குப் பலகையை நான் நம்புவதில்லை. சார்ஜரை நிறுத்தியதும் தெரியும் 13 வோல்ட் வெறும் மேற்பூச்சு, சற்று நேரத்தில் இறங்கிவிடும். எல்லாச் சுமைகளையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால்தான், 12.7 என்றால் நிறைவு, 12.2-க்கு அருகில் என்றால் பாதி என்று கொள்ளலாம்.

ஷண்ட் (பேட்டரிக்குள் போய்வரும் ஆம்பியரை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்த மானிட்டர் இதைவிட மேலானது, ஆனால் அதைப் பொருத்துவதில்தான் தவறு நேர்கிறது. ஒரு வண்டியில் மானிட்டர் 90 சதவீதத்துக்கு மேல் காட்டியது. மின்முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தால் 11.9 வோல்ட்தான் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது, இன்வெர்ட்டரின் தடித்த கறுப்புக் கேபிள் ஷண்ட்டைத் தாண்டி நேராக நெகட்டிவ் முனையில் முடுக்கப்பட்டிருந்தது. அதன் வழியே போன ஆம்பியர் எதுவும் கணக்கில் ஏறவே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்ட்டின் கேபிள் ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுபவர்களுக்கு ஷண்ட் கட்டாயம், ஏனெனில் அதன் வோல்ட்டேஜ் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். இந்த வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்கள் கெடும் என்பதால், குளிர்ப் பகுதிகளில் பயணிப்பவர்கள் அந்த வெப்பநிலையில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) அதில் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.