பிள்ளை மச்சத்தை விட்டுவிட்டாள், இனி என்ன சமைப்பது?

இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் ஒரு குடும்பம். கிளினிக் வேலையாக நான் வீடு வீடாகப் போகும் நாளில் அந்தத் தாய் என்னைப் படலையிலேயே மறித்துவிட்டார். "மிஸ், இவள் மூன்று மாதமா மச்சம் தொடுறேல்லை. ஒரு நாளைக்கு ரெண்டு சமையல் சமைக்க எனக்கு ஏலாது. நீங்களாவது சொல்லுங்கோ."

மகளுக்குப் பதினைந்து வயது. குஞ்சிலிருந்து அவள் தீன் போட்டு வளர்த்த கோழி ஒரு நாள் விருந்தினருக்குக் கறியாகிவிட்டது. அன்றைக்குக் கோப்பையைத் தள்ளி வைத்தவள் பிறகு மீனும் இறைச்சியும் தொடவில்லை. தாய்க்குக் கோபமும் பயமும் சரிபாதியாக இருந்தன.

நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளையின் கோப்பையைப் பார்த்தேன். குவித்த சோறு, அதன்மேல் சொதி, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு அப்பளம். மற்றவர்களின் கோப்பைகளிலும் இதேதான், கூடவே விரால் மீன் குழம்பு. மீனை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், உட்பக்கம் வெளிறிக் கிடந்தது. இரத்தம் சோதிக்க அனுப்பியதில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தது.

இத்தனை வருட வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். சைவத்துக்கு மாறியதால் யாரும் மெலிந்துபோவதில்லை. மீன் இருந்த இடத்தை வெறுமையாக விடுவதால்தான் மெலிந்துபோகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், எங்கள் வீடுகளுக்குச் சைவச் சமையல் புதிதா? வெள்ளிக்கிழமை அடுப்பில் மச்சம் ஏறாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதார கௌரி விரதத்துக்கு இருபத்தொரு நாள், வற்றாப்பளைப் பொங்கல் நாட்கள் என்று எத்தனை. பல வீடுகளில் சைவச்சட்டி தனியே கவிழ்த்து வைத்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் வீடு முழுக்கச் சைவம். ஆகவே பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, பயற்றங்காய், கீரை, வடை, பாயசம் என்று எல்லாம் வரும். மற்ற நாளில் ஒரே ஒரு ஆள் சைவம் என்றால் அந்த ஆளுக்காக யாரும் பருப்பு அவிப்பதில்லை. "நீ சொதியோட சாப்பிடு" என்று முடிந்துவிடும். சொதி ருசிக்கு நல்லது, வயிறும் நிறையும். ஆனால் அது மீனின் இடத்தை நிரப்பாது.

அந்தத் தாயோடு குந்திலிருந்து ஒரு கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பார்க்கலாம். இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். மூன்று கப் சோறு சாப்பிட்டால் அதில் 12 கிராம் வரும். அவித்த பருப்போ பயறோ கௌபியோ கடலையோ, மதியம் அரைக் கப், இரவு அரைக் கப் என்றால் இன்னும் 16 கிராம். ஒரு கப் பாலில் 8 கிராம், ஒரு கைப்பிடி வறுத்த கச்சானில் 7 கிராம். காலையில் பயறோ உளுந்தோ சேர்ந்தால் கணக்கு முடிந்தது. அரிசியில் குறைவாக உள்ள ஒரு புரதக்கூறு பருப்பு வகையில் நிறைய இருக்கிறது, அதனால் சோறும் பருப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வெறும் சோறும் உருளைக்கிழங்கும் என்றால் இந்தக் கணக்கு பாதியைக்கூடத் தாண்டாது.

சரி, இரண்டு சமையல் வேண்டாம். ஒரே அடுப்பு, ஒரே தாளிதம். கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போட்டுக் குழம்பு கூட்டுகிறீர்கள் என்றால், கொதித்து வரும்போது சைவச்சட்டியில் அரைவாசியை ஊற்றி வையுங்கள். அதற்குள் அவித்த கௌபி போகட்டும். பெரிய சட்டியில் மீன் போகட்டும். ஒரு சட்டியின் அகப்பையை மட்டும் மற்றச் சட்டிக்குள் விடாதீர்கள். மீன் கிண்டிய அகப்பையை மகளின் சட்டிக்குள் விட்டால் அவள் அன்றைக்குச் சோற்றைத் தொடமாட்டாள். பிறகு அம்மாவின் சமையல் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

கௌபிக் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அந்த வீட்டைத் திருப்பியது அதுதான். இரவே கௌபியை ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை மாற்றி, நசுக்கினால் மசியும் பதத்துக்கு அவியுங்கள். சட்டியில் எண்ணெய் விட்டு வெந்தயம், பெருஞ்சீரகம், வெங்காயம், முழு உள்ளிப் பல்லு பத்து, கருவேப்பிலை எல்லாம் போட்டு, உள்ளி பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். வீட்டுக் கறித்தூள் போட்டுப் பச்சை வாசம் போனதும் பழப்புளிக் கரைசலும் இரண்டாம் பாலும் விட்டுக் கௌபியைச் சேருங்கள். வற்றி வரும்போது முதற்பால். மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் தேடுவது பெரும்பாலும் மீனை அல்ல, அந்த வெந்தயமும் உள்ளியும் புளியும் சேர்ந்து வரும் வாசத்தை. அடுத்த முறை நான் போனபோது தமையன் மீன் குழம்பை விட்டுவிட்டுத் தங்கையின் சட்டியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தான். ஆகவே கௌபியைக் கொஞ்சம் கூடவே போடுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். மைசூர்ப் பருப்பு இறக்கும் தறுவாயில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. இரவுப் புட்டுக்குக் கடலைக்கறி. அவசர நாளில் அவித்த பயறோடு தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும். குரக்கன் ரொட்டிக்குள் முருங்கையிலையும் வெங்காயமும். தோசைக்கு உளுந்தைக் கஞ்சத்தனமாகப் போடாமல் இருந்தால் தோசையே பாதிச் சாப்பாடு. பின்னேரத்தில் எள்ளுருண்டை, சுண்ணாம்புச்சத்துக்கு எள்ளுக்கு நிகர் குறைவு.

ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் சைவம் சாப்பிடும் பிள்ளையை ஒதுக்கி வைக்காதீர்கள். பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் வெந்து ஒடியல்மா கரைத்து விட்ட பிறகும் கூழ் நல்ல கூழ்தான். மீனையும் நண்டையும் இறாலையும் தனியே அவித்து வைத்து, அவளுக்கு ஒரு சட்டி எடுத்த பிறகு மிச்சத்தில் சேருங்கள். எல்லோரும் சுற்றியிருந்து பிலாவிலையில் குடிக்கும் சாப்பாடு அது. அதில் ஒரு பிள்ளை மட்டும் பாணும் சம்பலும் தின்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

சோயா மீற் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்லது. உலர்ந்த சோயா மீற் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். சுடுதண்ணீரில் ஊறவிட்டு இரண்டு முறை பிழிந்து பிரட்டுங்கள். பக்கற்றுக்குள் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம், அதைப் போடாமல் வீட்டுத்தூள் போட்டால் நல்லது. கிழமைக்கு இரண்டு தரம் போதும், மற்ற நாளுக்கு எங்கள் காணியில் விளைவதே இருக்கிறது. மேட்டுக்காணியில் உளுந்தும் பயறும் கௌபியும் கச்சானும் போடும் மண் இது. முழுவதையும் சாக்கில் கட்டி வியாபாரிக்குக் கொடுத்துவிடாமல் வீட்டுக்கென்று சில கொத்து எடுத்து வையுங்கள்.

இரும்புச்சத்துக்கு வருவோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை எங்கள் உடல் இறைச்சியிலுள்ளதைப் போல இலகுவாக எடுத்துக்கொள்ளாது. அதற்குத் துணை வேண்டும். கறியை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள், கொதிக்கும்போது விட்டால் உயிர்ச்சத்து சி கெட்டுவிடும். சாப்பாட்டோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ பப்பாசியோ இருந்தாலும் சரி. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். தேயிலை அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். பயறையும் கௌபியையும் ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டி அவிப்பதும் இதற்கு உதவும். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு நான் இதை வற்புறுத்தியே சொல்வேன்.

சாப்பாட்டால் மட்டும் தீராத ஒன்றும் இருக்கிறது, உயிர்ச்சத்து பி12. அது கீரையிலோ பருப்பிலோ தானியத்திலோ கிடையாது. பால், தயிர், முட்டை சேர்த்துக்கொள்பவர்கள் ஓரளவு சமாளிப்பார்கள். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், ஒரு கப் பாலில் அதில் ஏறக்குறைய பாதி கிடைக்கும். பாலும் வேண்டாம் முட்டையும் வேண்டாம் என்பவர்கள் மாத்திரையாகவோ சத்துச் சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆகவேண்டும். இதில் ஏமாற வைக்கும் விஷயம், ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது, வருடக்கணக்கு ஆகலாம். சைவக் குடும்பத்திலிருந்து கலியாணமாகி வந்த ஒரு பிள்ளை, கர்ப்பிணி, பால் மணம் பிடிக்காமல் அதையும் விட்டிருந்தார். கால் விறைக்குது, எறும்பு ஊருற மாதிரிக் கிடக்குது என்றார். வீட்டில் எல்லோரும் அதைக் கர்ப்பக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பி12 குறைவுதான். நேரத்துக்கு ஊசி போட்டதால் நல்லபடி தேறினார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சைவத்துக்கு மாறினால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

முட்டை சைவமா என்று என்னிடம் கேட்பார்கள். அதை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். சாப்பிடுகிறேன் என்றால் நல்லது, வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. ஒளித்து மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் அம்மம்மா, பிள்ளை மெலிகிறாளே என்ற அன்பில், கருவாட்டைப் பொடியாக்கிப் பருப்புக்குள் கலந்துவிட்டார். பிள்ளை கண்டுபிடித்து, பிறகு கிழமைக் கணக்கில் வீட்டுக் கறி எதையும் நம்பாமல் பாணும் வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டாள். கடைச் சாமான் வாங்கும்போதும் கேட்டு வாங்குங்கள். கடையில் விற்கும் சீனிச்சம்பலிலும் கட்டச்சம்பலிலும் மாசிக் கருவாடு இருப்பது வழக்கம். உப்பு வாங்கும்போது அயடீன் சேர்த்ததா என்று பாருங்கள், கடல்மீன் விட்டவர்களுக்கு அது முக்கியம்.

பிள்ளை படியேறினால் மூச்சு வாங்குகிறாள், வகுப்பில் தூங்கிவிழுகிறாள், நாக்கு எரிகிறது, கைகால் விறைக்கிறது, நிறை குறைகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். வரும்போது ஒரு கொப்பியில் மூன்று நாளைக்குச் சாப்பிட்டது அத்தனையும் எழுதி வாருங்கள். "சோறு, கறி" என்று எழுதாமல், என்ன கறி, எத்தனை கரண்டி, பிளேன்ரீ எப்போது குடித்தது என்பதுவரை எழுதுங்கள். அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், இரண்டு நாள் மற்றவர்கள் மீன் சாப்பிட்ட நாளாக இருக்கட்டும். அந்த மூன்று பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எந்த வேளையில் எதைக் கூட்டவேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்துவிடும்.